முப்பது எண்ணும் வரை

காலையில் என்னைக் கண்டதும் அவள் கேட்கும் முதல் வார்த்தை, "எத்தனை?" தேத்தண்ணி குடித்தாயா, கொழும்பிலிருந்து தம்பி பேசினானா, உடம்புக்கு எப்படி இருக்கிறது, இதெல்லாம் எங்கள் வீட்டில் கிடையாது. எத்தனை என்று கேட்டால் நான் ஓர் எண்ணைச் சொல்ல வேண்டும். முப்பது என்று சொன்னால் அன்றைய பொழுது சண்டையில்லாமல் தொடங்கும். இருபது, இருபத்திரண்டு என்று சொன்னால், கூண்டுக்கு மேலே சங்கிலியில் தொங்கும் பல்பை ஒரு கண்ணி உயர்த்தி மாட்டிவிட்டு, "மறுபடி வை" என்பாள்.

வைக்க வேண்டியது என் கை. கோழி வலை அடித்த அந்தக் கூண்டுக்குள் ஒரு பச்சோந்தி இருந்தது. காலையில் அது ஏறி உட்கார்ந்து சூடு காய்வதற்கென்று பல்புக்குக் கீழே ஒரு கிளையைக் கட்டியிருந்தாள். அதன் முதுகு எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்தில் என் முன்கையை வைத்துக்கொண்டு ஒன்று, இரண்டு என்று எண்ண வேண்டும். முப்பது வரை கை பொறுத்தால் அதற்கும் பொறுக்கும். அதற்கு முன்பே இழுக்கத் தோன்றினால் சூடு கூடுதல். பல்பு, கோழிக்குஞ்சுகளுக்குப் போடுவார்களே, அந்தப் பெரிய பல்பு. கிட்டே போனால் சும்மா விடாது.

அவள் என் கணவரின் அக்கா. நேரில் மதினி என்று கூப்பிட்டு, வாங்க போங்க என்றுதான் பேசினேன். எழுத உட்கார்ந்தால் அவள் என்றுதான் வருகிறது. மாற்றப் போவதில்லை.

பொகவந்தலாவை பசாரிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம் ஏறினால் எங்கள் லயம், தோட்டத்துக்காரர்களின் வரிசை வீடுகள். அதில் கோடியில் இருக்கும் ஒற்றை அறை, கோடிக் காம்பரா, எங்களுடையது. கணவர் கொழும்பில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்தார். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவார். மற்ற நாட்களில் அந்த வீட்டில் நான், அவள், அந்தப் பச்சோந்தி. மூன்றில் யாருக்கு எந்த இடம் என்று வந்த வாரத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது.

புத்தளம் பக்கத்திலிருந்து கருவாடு ஏற்றி வரும் லொறியின் படங்குத் துணிக்குள் ஒட்டிக்கொண்டு வந்த பிராணி அது. உலர்ந்த, வெயில் காயும் பூமியின் உயிர். இந்தக் குளிரில் மூன்று நாள் தாங்காது என்று லொறிக்காரர் தூக்கி எறியப் போனாராம். தாங்க வைக்கிறேன் என்று சேலைத் தலைப்பில் சுற்றி வாங்கி வந்தாள். இப்படிப்பட்ட உயிரைப் பிடித்து வைத்திருப்பது சட்டப்படி குற்றம் என்று லயத்தில் எல்லோருக்கும் தெரியும். அவளிடம் வாய் கொடுக்க யாருக்கும் துணிச்சல் இல்லாததால் அது பிழைத்துக் கிடந்தது.

கல்யாணமாகி வந்த மூன்றாம் நாள் காலையில் முதன்முதலாக என்னைக் கூண்டண்டை கூப்பிட்டாள். நான் உள்ளங்கையை நீட்டினேன்.

"உள்ளங்கை வேணாம் புள்ள. கொழுந்து கிள்ளுன கை, பொய் சொல்லும்" என்று என் கையைப் புரட்டி, முழங்கைக்குக் கீழே மெல்லிய தோல் இருக்கும் இடத்தை மேலே காட்டி வைத்தாள். "இது சொல்லும்."

கூண்டின் வலையில் ஒரு வட்ட மீட்டர் ஒட்டியிருந்தது. வெளிநாட்டிலிருந்து அவள் கொண்டுவந்தது. அதைப் பார்த்தால் போதாதா என்று கேட்டேன். மீட்டர் தான் ஒட்டியிருக்கும் இடத்தின் சூட்டைத்தான் சொல்லும், முதுகில் விழும் சூட்டை அது எப்படி அறியும் என்று திருப்பிக் கேட்டாள். சந்தேகப்பட்டு ஒரு நாள் நானே பார்த்தேன். முள் இருபத்து நாலு பாகையில் நின்றது. கிளைக்கு மேலே என் கை பத்து எண்ணுவதற்குள் துடித்தது. அவள் மேல் எனக்கு இருந்த கோபத்தில் பாதி, அவள் சொன்னதெல்லாம் சரியாக இருந்ததால் வந்த கோபம்தான்.

அந்தப் பிராணியைப் பற்றி அவளுக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. கிளையில் முப்பது பாகை இருக்க வேண்டும், முப்பத்திரண்டைத் தாண்டக் கூடாது. இருட்டியதும் பல்பு கூடாது, உடம்பு ஆற வேண்டும். குளிர்ந்தால் கரிய நிறமாகும், சூடு ஏறினால் வெளுக்கும், வாயைத் திறந்துகொண்டே இருந்தால் வேகிறது என்று அர்த்தம். பாத்திரத்தில் வைத்த தண்ணீரைக் குடிக்காது என்பதற்காக இலைகளில் சொட்டுச் சொட்டாகத் தெளித்து, அது நக்கி முடிக்கும் வரை முதுகு வலிக்கக் குனிந்து நிற்பாள். தேயிலைக்குள் புகுந்து அதற்குத் தின்னத் தத்துவெட்டி, வெட்டுக்கிளி, பிடித்து வருவாள். அதனிடம் பேசும்போது அவள் குரலே வேறு. எனக்குக் காய்ச்சல் கண்ட வாரத்திலும் கையை வைக்கச் சொன்னாள். காய்ச்சல்காரிக்குச் சூடு வேறு மாதிரித் தெரியும் என்று நான் சொன்ன எண்ணில் ஐந்தைக் கழித்துக்கொண்டாள். நெற்றியைத் தொட்டுப் பார்க்கவில்லை.

இரண்டாம் மாதம் ஒரு நாள் பொறுக்க முடியாமல், "ஏன், உங்க கைய வச்சுப் பாருங்களேன் மதினி" என்றேன்.

அவள் எந்நேரமும் முழுக்கை சுவெட்டர் போட்டிருப்பாள். இடது கைச் சுவெட்டரை முழங்கைக்கு மேலே சுருட்டினாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை, பாலில் படிந்த ஆடைபோலச் சுருங்கிப் பளபளக்கும் தோல். சங்கிலியை முழுவதும் இறக்கிவிட்டு, அந்தக் கையைப் பல்புக்கு ஒரு விரற்கடைக்குக் கீழே நீட்டிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தபடி நின்றாள். அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. மயிர் கருகும் வாசம் வந்ததும் நான்தான் இழுத்து எடுத்தேன்.

"இதுக்கு ஒண்ணும் தெரியாது. அதுக்குத்தான் ஒன்னோடது" என்றாள்.

அன்றைக்கு மட்டும்தான் அவள் அந்தக் கதையைச் சொன்னாள். அரபு நாட்டில் அவள் வேலை செய்த வீட்டில், அந்த வீட்டுப் பையன் இதே இனத்தில் இதைவிடப் பெரிதாக ஒன்றை வளர்த்திருக்கிறான். கூண்டைச் சுத்தம் செய்வதும் பல்பைப் பார்த்துக்கொள்வதும் இவள் வேலை. ஒரு நாள் மீட்டர் குறைவாகக் காட்டியது என்று பல்பை இறக்கி வைத்திருக்கிறாள். அதன் முதுகு வெந்துபோனது. வீட்டுக்காரி இவள் கையைப் பிடித்து அதே பல்புக்குக் கீழே வைத்து, தங்கள் பாஷையில் எண்ணச் சொல்லியிருக்கிறாள். இவளுக்கு அந்த எண்கள் அரைகுறையாகத்தான் தெரியும். தவறாகச் சொன்னால் மறுபடி ஒன்றிலிருந்து.

"அது இறங்கவும் இல்ல, கத்தவும் இல்ல. குளிர்ல கெடந்ததுக்குச் சூடு எவ்வளவு போதும்னு தெரியாது புள்ள. வேகுற வரைக்கும் நல்லாத்தான் இருக்கும்" என்றாள். சுவெட்டரை இறக்கிவிட்டுக்கொண்டு, "நானும் கத்தல" என்றாள்.

கேட்டபோது எனக்கு அவள்மேல் இரக்கம் வந்தது உண்மை. அடுத்த நாள் காலையில் "எத்தனை" என்று கேட்டதும் அது போய்விட்டது.

பக்கத்துக் காம்பராவில் ஒருத்தி, இரண்டு பெண் பிள்ளைகளின் தாய், வெளிநாட்டு வேலைக்குப் பெயர் கொடுத்திருந்தாள். அங்கே எப்படி இருக்கும் என்று கேட்க வந்தாள். இவள் பச்சோந்தியை எடுத்துத் தன் தோளில் விட்டுக்கொண்டு, பல்பை இரண்டு கண்ணி இறக்கி, அந்தப் பெண்ணின் கையை இழுத்துக் கூண்டுக்குள் வைத்து, "எண்ணு" என்றாள். நான் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றுகொண்டிருந்தேன். பதினைந்துக்கு மேல் அந்தப் பெண்ணின் கண்ணில் தண்ணீர் வழிந்தது. குரல் ஆடவில்லை. முப்பதையும் எண்ணி முடித்தாள். இவள் பல்பை அணைத்தாள்.

"நீ போகலாம். போய்ட்டுத் திரும்பி வந்துருவ" என்றாள்.

சிவந்துபோன இடத்தில் நான் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டேன். அந்தப் பெண் என்னிடம் கோபமாக ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் போனாள், நான்கு வருடம் இருந்தாள், சொன்னதுபோலவே திரும்பியும் வந்தாள்.

நான் வந்த வருடம் தை பிறப்பதற்கு இரண்டு வாரம் முன் பனி கொட்டியது. தேயிலைச் செடிகளின் நுனியெல்லாம் கருகிக் கிடந்தன. அன்று அவளுக்கு ஹட்டனில் பிரஷர் கிளினிக். முதல் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பும் முன்பே பல்பைப் போட்டு, என் கையை வைக்கச் சொல்லி, முப்பது என்று கேட்டுக்கொண்டுதான் படி இறங்கினாள்.

நான் பெரட்டுக்கு, காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடத்துக்கு, கிளம்பும்போது கூண்டைப் பார்த்தேன். அது கிளைக்குப் பாதி வழியில் நின்றது. அட்டைக்கரி நிறம். கண்ணை மூடிக்கொண்டு கிளையை இறுக்கிப் பிடித்திருந்தது. எங்கள் பக்கத்தில் ஒருவர்மேல் பிரியம் இருந்தால், அடுப்புக்கு இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து குந்துங்க என்போம். கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் அதுதான் முதல் உபசாரம். எனக்கும் அந்த ஒன்றுதான் தெரியும். சங்கிலியைக் கொக்கியிலிருந்து கழற்றி நான்கு கண்ணி இறக்கி மாட்டினேன். அது மெல்ல மெல்ல ஏறிப்போய்ப் பல்புக்குக் கீழே உட்கார்ந்தது. கரி கலைந்து பச்சை வந்தது. அந்த வீட்டில் நான் முதன்முதலாகச் சந்தோஷப்பட்ட நேரம் அது. அவளில்லாமல் அதை நான் பார்த்துக்கொண்டேன் என்று நினைத்தேன். கை வைத்துப் பார்க்கவில்லை. பிந்திப் போனால் பெரட்டில் பெயர் விழாது என்று ஓடினேன்.

மத்தியானம் கொழுந்தை எடை போட்டுவிட்டுச் சாப்பிட வந்தபோது அது அதே இடத்தில் இருந்தது. ஓர் அங்குலம் நகரவில்லை. வெளுத்துப்போய் வாயைப் பிளந்திருந்தது. பிடரியிலிருந்து நடுமுதுகு வரை ரொட்டிக் கல்லில் பட்டதுபோல ஒரு பழுப்புப் பட்டை. சுட்டால் இறங்க வேண்டியதுதானே என்று எனக்கு முதலில் அதன்மேல்தான் ஆத்திரம் வந்தது. பிறகுதான் பயம் வந்தது.

நாலு மணிக்கு அவள் வந்தாள். மருந்துப் பையைக்கூடக் கீழே வைக்காமல் கூண்டுக்கு நேரே போனாள். நான் பல்பை அணைத்திருந்தேனே தவிர, சங்கிலியை மேலே ஏற்ற மறந்துவிட்டேன். அவள் கண்ணிகளை எண்ணினாள். பிராணியைப் பார்த்தாள். என் பக்கம் திரும்பி, "எத்தனை?" என்றாள்.

"கை வைக்கல மதினி."

அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன், இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்திருந்து முடிந்திருக்கும். பச்சோந்தியை ஈரத்துணியில் எடுத்துப் பாயில் வைத்தாள். பல்பைப் போட்டாள். என் மணிக்கட்டைப் பிடித்தாள். மலையில் கூடை சுமந்த என்னால் அந்தப் பிடியைத் தளர்த்த முடியவில்லை. அவள் எண்ணியது தமிழில் இல்லை. வாஹித், இத்னேன், தலாத்தா என்று நிதானமாக, ஒவ்வொன்றுக்கும் இடைவெளி விட்டு எண்ணினாள். ஒன்பதில் நான் கத்தினேன். பக்கத்துக் காம்பராக் கதவு திறந்த சத்தம் கேட்டது, யாரும் வரவில்லை. முப்பதில் விட்டாள்.

விட்ட கையோடு அவளே பச்சைத் தண்ணீரில் என் கையை அமிழ்த்திப் பிடித்தாள். கொப்புளம் உடையாமல் துணி சுற்றினாள். பத்து நாள் ஒரு வேளை தவறாமல் மருந்து போட்டாள். ஒரே குப்பியிலிருந்து இரண்டு பேருக்கும் தடவினாள், முதலில் அதற்கு. பதினோராம் நாள் அது செத்தது. பேரி மரத்தடியில் தானே குழி வெட்டிப் புதைத்தாள். அழவில்லை. என் கை ஆறியது. முழங்கைக்குக் கீழே இப்போதும் ஒரு தடம் இருக்கிறது, பெரிய வெற்றிலை அளவு.

பொங்கலுக்கு வந்த கணவரிடம் துணியை அவிழ்த்துக் காட்டினேன். பார்த்தார். உள்ளே அவள் பானைக்கு மஞ்சள் கட்டிக்கொண்டிருந்தாள். "அக்கா என்னய வளத்தவ" என்றார் மெதுவாக. அவ்வளவுதான் அவரால் முடிந்தது. அன்றைக்கு அவர்மேல் போன மரியாதை பிறகு முழுவதும் திரும்பவில்லை.

அந்தக் கூண்டில் கோழி அடைத்தோம். எத்தனை என்ற கேள்வி நின்றுபோனது. அதற்குப் பிறகு அவளுக்கு என்னிடம் கேட்க வேறொன்றும் இல்லை. ஒரே காம்பராவில் பத்து வருடம், உப்பு இருக்கிறதா, மழை வருமா என்ற அளவில் ஓடியது.

போன வருடம் அவள் விழுந்தாள். பாரிசவாதம். ஏற்கெனவே செத்திருந்த கை எந்தப் பக்கமோ அந்த இடது பக்கமே போனது. வாய் கோணிப் பேச்சு குழறியது. அவள் தம்பி லீவு போட்டு வந்து நான்கு நாள் இருந்துவிட்டுப் போனார். வளர்த்தவளைக் கழுவி, துடைத்து, ஊட்டியது நான். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, வேறு ஆள் இல்லை.

விழுந்த பக்கத்துக்கு எப்போதும் குளிர் என்பாள். தொட்டால் உண்மையிலேயே ஜில்லென்று இருக்கும், அவளுக்கு மட்டும் தொடுவது தெரியாது. ஒரு சாராயப் போத்தலில் சுடுதண்ணீர் ஊற்றி, துணி சுற்றி, இடது காலோடு சேர்த்து வைப்பேன். உணர்ச்சியில்லாத பக்கம், வெந்தாலும் அவங்களுக்குத் தெரியாது, பார்த்து வையுங்கள் என்று ஆஸ்பத்திரியில் நர்ஸ் இரண்டு தடவை சொல்லி அனுப்பியிருந்தார். முதல் நாள் போத்தலைக் கொண்டுபோனபோது அவள் என் முன்கையைப் பார்த்தாள். கோணிய வாயால் கஷ்டப்பட்டு ஒரு சொல்லைத் திரட்டினாள்.

"எத்... தனை?"

நான் போத்தலை என் கையின் உட்பக்கத்தில் வைத்து எண்ணினேன். முப்பது என்றேன். தலையை அசைத்தாள். அதன் பிறகு தினமும் அப்படித்தான். மழைக்காலம் முழுவதும் ஒரு நாள்கூட நான் பொய் சொல்லவில்லை. இருபதில் சுட்டால் இன்னொரு துணி சுற்றி மறுபடி எண்ணினேன்.

மார்கழியில் அவளைப் பார்க்கப் பக்கத்துக் காம்பராப் பெண் வந்தாள், வெளிநாடு போய்த் திரும்பியவள். அவளைக் கண்டதில் இவளுக்குச் சந்தோஷம், முகம் ஒரு பக்கமாகச் சிரித்தது. குழறினாலும் எனக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது.

"இவ ஒம்பதுல கத்திட்டா" என்றாள், வலது கையால் என்னைக் காட்டி. "நீ முப்பது நின்ன."

அந்தப் பெண் தரையைப் பார்த்தாள். அவளுக்கு இறக்கியது இரண்டு கண்ணி. எனக்கு நான்கு. வாழ்நாள் முழுவதும் ஒரு கண்ணி பிசகாமல் பார்த்தவள், அதை மட்டும் விட்டுவிட்டுச் சொன்னாள். என் கையைப் பிடித்துச் சுட்டதைவிட அது எனக்கு அதிகமாகச் சுட்டது.

மறுநாள் காலையில் பனி இறங்கியிருந்தது. தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றினேன். ஒரு சுற்றுத் துணிதான் சுற்றினேன். வழக்கம்போல அவள் பார்க்கும்படி கையில் வைத்தேன், மனசுக்குள் எண்ணினேன். ஒன்பதில் போத்தலை எடுத்தேன்.

"எத்தனை?" என்றாள்.

"முப்பது" என்றேன்.

தலையை அசைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். போத்தலை அவள் காலோடு சேர்த்து வைத்து, கம்பளியை இழுத்துவிட்டேன். பிறகு பின்பக்கம் போய்ப் பாத்திரம் கழுவினேன். எல்லாவற்றையும் கழுவினேன், கழுவ வேண்டாத சட்டிகளையும் கழுவினேன். திரும்பி வந்தபோது அவள் அதே இடத்தில் இருந்தாள். முகத்தில் நிம்மதி. நல்லா இருக்கு என்றாள்.

சாயங்காலம் உடம்பு துடைக்கும்போது கணுக்காலுக்கு மேலே கொப்புளம் எழும்பியிருந்தது. அவள் தலையைத் தூக்கி அதைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். நான் பச்சைத் தண்ணீரில் நனைத்த துணியை அதன்மேல் போட்டேன், உடையாமல் கட்டினேன். எப்படிக் கட்ட வேண்டும் என்று எனக்குத் தெரியும். அவளிடம் கற்றதுதான்.

அடுத்த நாள் காலையும் குளிர். போத்தலுக்கு மூன்று சுற்றுத் துணி சுற்றி எடுத்துப்போனேன். இனிக் கேட்க மாட்டாள் என்று நினைத்தேன். அவள் என் கையைப் பார்த்தாள். அவளுக்கு அந்த வீட்டில் வேறு கை இல்லை.

"எத்தனை?" என்றாள்.

"முப்பது" என்றேன்.

அன்றைக்கு அது உண்மை. அவளுக்கு இரண்டு நாளும் ஒரே மாதிரித்தான் கேட்டிருக்கும்.